மீன்காரியின் குரலும் பின்னணிச் சிரிப்பும்

தமிழ்த் தொலைக்காட்சி நகைச்சுவையில் மீன்காரிக்கு ஒரே வேலைதான். கையில் கூடை, ஏற்றிச் செருகிய சேலை, மெட்ராஸ் பாஷையில் சண்டை. பல நேரம் ஓர் ஆணே சேலை கட்டிக்கொண்டு அவளாக வருவார். அவள் வாயைத் திறந்ததும் பின்னணியில் சிரிப்பொலி கேட்கும். அவளுடைய பருமன், நிறம், குரல் ஒவ்வொன்றும் ஒரு ஜோக். இந்தக் காட்சியைக் காசிமேட்டிலும் எண்ணூரிலும் குழந்தைகள் பார்க்கிறார்கள். விடியுமுன் ஏலத்தில் மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்றுவிட்டு வந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஒற்றை அறை வீடுகளுக்கும் பெட்டியைக் கொண்டுவந்தது. அந்த அறையில் பெரியவர்களுக்கான நிகழ்ச்சி, குழந்தைகளுக்கான நிகழ்ச்சி என்ற பிரிவினை நடைமுறையில் சாத்தியமில்லை. பிள்ளைகள் கெட்ட வார்த்தை கற்றுக்கொள்கிறார்கள் என்றுதான் பொதுவாகக் கவலைப்படுகிறோம். வார்த்தையைத் தெருவிலும் கற்கலாம். யாரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பதைத் தொலைக்காட்சி தினமும் பாடமாக நடத்துகிறது.

இந்தப் பாடம் எப்படிப் படிகிறது? உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, பொம்மையை அடிக்கும் ஒருவரைக் குழந்தைகளுக்குப் படமாகக் காட்டினார். 1965இல் வெளியான அந்த ஆய்வில், அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்த குழந்தைகள் அதைக் குறைவாகவே செய்தார்கள். செய்துகாட்டினால் பரிசு என்றதும், அவர்களும் மற்றவர்களைப் போலவே செய்துகாட்டினார்கள். கற்றது உள்ளேயே இருந்தது. நகைச்சுவைக் காட்சியிலோ கேலி செய்பவருக்குத் தண்டனையே இல்லை, கைதட்டல்தான். வகுப்பில் கறுத்த சிறுமிக்குப் பட்டப்பெயர் வைக்கும் பையனும் அதே பரிசைத்தான் எதிர்பார்க்கிறான்.

பெண்களை இழிவுபடுத்தும் நிகழ்ச்சிகளைக் கேபிள் தொலைக்காட்சி விதிகள் 1994 தடை செய்கின்றன. குழந்தைகள் அதிகம் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு ஒவ்வாதவற்றை ஒளிபரப்பக் கூடாது என்றும் சொல்கின்றன. 2022 ஜனவரியில் ஜீ தமிழின் சிறுவர் நகைச்சுவை நிகழ்ச்சியில் இரு குழந்தைகள் ஒரு மன்னர் கதையை நடித்தார்கள். பிரதமரைக் கேலி செய்கிறது என்று பாஜக தரப்பில் புகார் எழுந்தது. சில நாட்களிலேயே ஒன்றிய அமைச்சகம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அதிகாரத்தைக் கேலி செய்தால் விதிப்புத்தகம் உடனே திறக்கிறது. மீன்காரியைக் கேலி செய்தால் அதற்குப் பெயர் குடும்ப நிகழ்ச்சி.

2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூரில் உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து மக்கள் நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆலையை மூடச் சொல்லி அதன்பின் நடந்த போராட்டத்தில் பெண்கள் திரண்டு உட்கார்ந்தார்கள். அங்கே ஒலித்தது அதே பாஷை, அதே உரத்த குரல். அந்தக் குரலைக் கேட்டுச் சிரிக்கப் பழகிய சிறுமி, தன் மூச்சுக்காகப் பேசவேண்டிய நாளில் வாயைத் திறக்கக் கூசுவாள். நாம் அஞ்சவேண்டிய இழப்பு இது.

பெட்டியை அணைப்பதால் மட்டும் இது தீராது. சிரிக்கும் குழந்தையிடம், "இதுல என்ன சிரிப்பு? சொல்லேன்" என்று கேட்டுப் பார்க்கலாம். அவள் கறுப்பு, குண்டு, மீன் விற்கிறாள் என்று குழந்தை சொல்லத் தொடங்கும். நம் வீட்டிலும் மீன்தானே விற்கிறோம் என்று அப்போது பேசத் தொடங்கலாம்.