87178291201: எஸ். எஸ். பிள்ளையின் எண்கள்

சங்கரன்கோவில், பனவடலிசத்திரம் பக்கம் எந்தக் கணக்கு வாத்தியாரைக் கேட்டாலும் ராமானுஜனின் 1729ஐச் சொல்லிவிடுவார். அதே தென்காசி மாவட்டத்தில், குற்றாலத்தை அடுத்த வல்லத்தில், 1901இல் பிறந்த சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளையின் எண்களைத் தெரிந்தவர் அபூர்வம். எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

பிள்ளை எழுப்பிய கேள்வி ஒன்று. 1 முதல் ஏதாவது ஓர் எண் வரை பெருக்கி, 1 கூட்டுங்கள். விடையை மீதியின்றி வகுக்கும் பகா எண்களை, எங்கே பெருக்கலை நிறுத்தினோமோ அந்த எண்ணால் வகுத்தால் எப்போதும் மீதி 1தானா? 5 வரை பெருக்கினால் 121, அதாவது 11×11. 11ஐ 5ஆல் வகுக்க மீதி 1. 6 வரை 721, அதாவது 7×103, இரண்டும் தப்பவில்லை. 7 வரை 5041, அது 71×71. மறுபடி மீதி 1. நம்பத்தான் தோன்றும்.

இல்லை என்று காட்டியவர் கணிதவியலாளர் சௌலா. 14 வரை பெருக்கி 1 கூட்டினால் 87178291201. அது 23×3790360487. ஆனால் 23ஐ 14ஆல் வகுத்தால் மீதி 9. உண்மையில் அவ்வளவு தூரம் போகவே வேண்டாம்: 8 வரை பெருக்கிக் கிடைக்கும் 40321, 61×661 ஆகிறது, இரண்டுமே மீதி 5 தருகின்றன. ஆனாலும் அந்தப் பதினோரு இலக்க எண்ணுக்கு ஒரு தனிமதிப்பு உண்டு. இப்படிக் குறுக்கே நிற்கும் பகா எண்களில் மிகச் சிறியது 23. இவற்றுக்கு இன்று பிள்ளை பகா எண்கள் என்றே பெயர். அவை முடிவில்லாதவை என்று 2002இல் ஹார்டியும் (ராமானுஜனின் ஹார்டி அல்ல) சுப்பாராவும் நிறுவினார்கள்.

பிள்ளையின் பெரிய சாதனை வேறு. எந்த முழு எண்ணையும் ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுத எத்தனை உறுப்புகள் போதும்? 703ஐப் பாருங்கள். 3இன் ஆறாம் அடுக்கு 729, எட்டாது. பத்து 64களும் அறுபத்து மூன்று 1களும் போட்டால்தான் நிரம்பும்: மொத்தம் 73. அதற்கு மேல் எந்த எண்ணும் கேட்காது என்பதை நிறுவுவதுதான் கடினம். 1940இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, பிள்ளை அதைச் செய்தார். நான்காம் அடுக்குக்கு 79 என்ற சின்ன எண் 19 உறுப்பு கேட்கிறது; 19 எல்லாவற்றுக்கும் போதும் என்று சென்னையின் ஆர். பாலசுப்பிரமணியன், பிரெஞ்சுக்காரர்களான தெசூயே, திரெஸ் இருவரோடும் சேர்ந்து 1986இல்தான் முடித்தார். இந்தத் துறையில் முரண்டு பிடிப்பவை சிறிய எண்களே. நான்காம் அடுக்கிலேயே 13792ஐத் தாண்டினால் 16 போதும்.

1950 ஆகஸ்ட் 31 அன்று, அமெரிக்கா செல்லும் வழியில், கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் பிள்ளை இறந்தார். அவருடைய ஆய்வுகள் தொகுப்பாக வர 2010 ஆயிற்று.

அவரும் அமெரிக்கரான டிக்சனும் தனித்தனியே 1936 வாக்கில், எந்த அடுக்குக்கு எத்தனை உறுப்பு போதும் என்பதற்குக் கண்ட பொதுச் சூத்திரம் எளியது: 2இன் அந்த அடுக்கோடு, ஒன்றரையின் அதே அடுக்கில் முழுப்பகுதியைக் கூட்டி, 2ஐக் கழிக்கவேண்டும். ஆறுக்கு 64+11−2. ஆனால் ஒரு நிபந்தனை நிறைவேற வேண்டும். அது பொய்க்கும் இடங்கள் இருந்தாலும் முடிவுள்ளவையே என்று கணிதவியலாளர் மாலர் 1957இல் காட்டினார். 47,16,00,000ஆவது அடுக்கு வரை எங்கும் பொய்க்கவில்லை என்று 1990இல் கணினி சரிபார்த்தது. முழு நிரூபணம் இன்னும் வரவில்லை.