காவலூரின் இரவுக்கு நிகழ்வுக் கேமரா தேவையா?

ஜவ்வாது மலையில் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் பெருமை, விநாடிக் கணக்கில் நடந்து முடிந்த காரியங்களைப் பிடித்ததில் இருக்கிறது. 1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்க நெருங்கியபோது, ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அங்கிருந்த, ஸைஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கியில் ஒளிமானியைப் பொருத்திக் காத்திருந்தார்கள். கோள் மறைக்கும் முன்பே விண்மீனின் ஒளி சட்டென்று தாழ்ந்து மீண்டது. யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்ட இரவு அது. அமெரிக்காவின் ஜேம்ஸ் எலியட் குழு பறக்கும் ஆய்வு விமானத்திலிருந்து அதே மறைப்பைப் பார்த்தது.

இப்போது வேகப் படப்பிடிப்பில் அதிகம் பேசப்படுவது நிகழ்வுக் கேமரா. தொழிற்சாலை இயந்திரங்களிலும் ரோபோக்களிலும் அது நன்றாகவே வேலை செய்கிறது. அப்படியானால் காவலூரைப் போன்ற இடத்தில், நொடியில் மறையும் விண்மீனுக்கும் அதுவே ஏற்ற கருவி என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சாதாரணக் கேமரா எல்லாப் பிக்சல்களையும் ஒரே தாளத்தில் படிக்கிறது. 1280-க்கு 720 பிக்சல் கொண்ட சில்லை விநாடிக்கு 1,000 முறை படித்தால், பிக்சலுக்கு ஒரு பைட் என்றாலும் விநாடிக்கு 900 மெகாபைட்டுக்கு மேல் குவியும். வானத்தில் அதில் பெரும்பகுதி வெறும் இருட்டு. நிகழ்வுக் கேமராவின் உணரியில் ஒவ்வொரு பிக்சலும் தனித்து இயங்குகிறது. தான் கடைசியாகக் குறித்துக்கொண்ட ஒளி அளவோடு இப்போதைய ஒளியை ஒப்பிட்டு, மாற்றம் ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டும் ‘கூடியது’ அல்லது ‘குறைந்தது’ என்று நேரத்தோடு ஒரு செய்தி அனுப்பும். மாறாவிட்டால் பேசாது. கார்வர் மீடும் மீஷா மஹோவால்டும் செய்த சிலிக்கான் விழித்திரைதான் இதன் மூலம். சூரிச்சில் லிக்ஸ்டைனர், போஷ், டெல்ப்ரக் மூவரும் 2008-ல் வெளியிட்ட 128-க்கு 128 பிக்சல் உணரி இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சோனியும் பாரிஸின் புரொஃபெசியும் இன்று பெரிய சில்லுகளாகவே விற்கின்றன.

விளம்பரங்களில் முதலில் நிற்பது மைக்ரோ விநாடிக் கணக்கு. சூரிச் உணரியின் புகழ்பெற்ற 15 மைக்ரோ விநாடி, நல்ல வெளிச்சத்தில் அளந்தது. பிக்சலின் வேகம் அதில் விழும் ஒளியைப் பொறுத்தது. ஒளி குறையக் குறைய அது மந்தமாகிறது. இருட்டில் இரைச்சலும் கூடி, ஒன்றுமே நடக்காத இடத்திலிருந்து செய்திகள் வரத் தொடங்கும். மங்கலான விண்மீனைப் பார்ப்பவருக்கு அந்த எண்ணால் பயன் குறைவு. வளைய மறைப்புக்கு மைக்ரோ விநாடி தேவையும் இல்லை: யுரேனஸின் மெல்லிய வளையம் விண்மீனைக் கடக்க ஏறத்தாழ ஒரு விநாடி எடுக்கிறது.

வேகத்தைவிட முக்கியமானது அந்த வரம்பு. சந்தையில் கிடைக்கும் உணரிகள் பொதுவாக ஒளி 10 முதல் 30 சதவீதம் மாறினால்தான் பேசும். கோளின் ஒளி விண்மீனைப்போல் பத்து மடங்கு என்றும், இரண்டும் ஒரே பிக்சலில் விழுகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 11 பங்கு. வளையம் விண்மீனை முழுவதும் மறைத்தாலும் குறைவது ஒரு பங்கு, அதாவது 9 சதவீதம். உணரி அசையாது. வரம்பைத் தாழ்த்தினால் இரைச்சல் பெருகும். வடிகட்டி போட்டுக் கோளின் ஒளியைக் குறைத்தால் கொஞ்சம் தேறலாம். ஆனால் எளிய ஒளிமானிக்கு எட்டிய தாழ்வை எட்டவே இவ்வளவு பாடு.

என் முதன்மையான மறுப்பு வேறு. 1977-ல் காவலூர் குழு தான் கண்ட தாழ்வை முதலில் யுரேனஸின் புதிய துணைக்கோள் என்றே ‘நேச்சர்’ இதழில் எழுதியது. பிறகு பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் அந்த இரவின் பதிவை மறுபடி ஆராய்ந்து, அதே ஆண்டில் வளைய அமைப்பு என்று அறிவித்தார்கள். திரும்பப் படிக்க ஒரு தொடர்ச்சியான கோடு இருந்ததால் இது நடந்தது. நிகழ்வு உணரி, எது முக்கியம் என்ற தீர்ப்பைப் பிக்சலிலேயே எழுதிவிட்டு மற்றதைத் தூக்கி எறிகிறது. எறிந்ததைத் திரும்பப் பெற வழியில்லை. 1972-ல் வியாழனின் கானிமீட் ஒரு விண்மீனை மறைத்ததைக் காவலூரும் இந்தோனேசியாவின் லெம்பாங்கும் பார்த்து, அந்தத் துணைக்கோளுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டு என்றார்கள். 1979-ல் வாயேஜர் 1 விண்கலம் அதை மறுக்கும் அளவுக்குக் குறைந்த மேல்வரம்பைத் தந்தது. அந்த வழக்கு முழுக்க ஒளி எவ்வளவு சரிவாக மங்கியது என்பதைப் பற்றியது. படிப்படியாகத் தாவும் உணரியிடம் அந்தச் சரிவைக் கேட்க முடியாது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2023-ல் இதே வகை உணரியை நுண்ணோக்கியில் பொருத்தி, 50 நானோமீட்டருக்கும் சிறியவற்றின் இடத்தைக் கண்டறிந்தது. மெச்சத்தக்க வேலை. அங்கே லேசரைக் கூட்டியும் குறைத்தும் மாற்றத்தை ஆய்வாளரே உண்டாக்க முடிந்தது. விண்மீனுக்கு அந்தச் சுவிட்ச் கிடையாது.

சாதாரணக் கேமராவின் படச் சட்டகத்தையும் நிகழ்வுச் செய்திகளையும் சேர்த்துத் தரும் கலப்பு உணரிகள் 2014-லேயே வந்துவிட்டன என்று ஒருவர் வாதிடலாம். நியாயமான வாதம். ஆனால் குளிரூட்டிய சிசிடி எனும் வானியல் கேமராச் சில்லின் அருகில் அவற்றின் சட்டகப் பகுதி நிற்காது. காவலூரின் 1.3 மீட்டர் தொலைநோக்கியில் ஏற்கெனவே மின்னணுப் பெருக்கச் சிசிடி இருக்கிறது. விநாடிக்குப் பல படம், ஒவ்வொன்றிலும் அளவு. மங்கலான குறுங்கோள் தேடலுக்கும் நிகழ்வு உணரி உதவாது. அங்கே வேண்டியது நீண்ட நேரம் ஒளியைச் சேர்ப்பது.

இது பொருந்தும் வேலையும் உண்டு: செயற்கைக்கோள்களைப் பின்தொடர்வது. மேற்கு சிட்னி பல்கலைக்கழகக் குழு பகல் வெளிச்சத்திலேயே அவற்றை இந்த உணரியால் கண்டிருக்கிறது. பொருள் நகர்கிறது, பின்புலம் நிற்கிறது, வேண்டியது இடமும் நேரமும் மட்டும். ஒளி எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. எரிகற்களுக்கும் அப்படியே. காவலூர் ஒரு சிறிய தொலைநோக்கியில் இதை வைத்துப் பார்க்கட்டும். 1 மீட்டரிலும் 1.3 மீட்டரிலும் மறைப்பு இரவுகளில் சிசிடியைக் கழற்றக் கூடாது.