செத்த ஊருக்குப் போகலாமா?

பிரஸ்ஸல்ஸில் வேலை பார்க்கும் என் மகன் போனில் கேட்டான். "அப்பா, நவம்பர்ல வர்றீங்களா? டிக்கெட் மலிவா இருக்கு. உங்க ரெண்டு பேரையும் ப்ரூஜுக்குக் கூட்டிட்டுப் போறேன். இங்கேருந்து ரயில்ல ஒரு மணி நேரம்தான்."

மலிவாக இருக்கிறது என்றால் காரணம் இல்லாமல் இருக்காது. விசாரித்தேன். நவம்பரில் அங்கே பத்து டிகிரியைத் தாண்டினால் அதிகம். மழை பெரிதாகக் கொட்டாது, ஆனால் நிற்கவும் நிற்காது. மாத நடுவில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். கால்வாய்ப் படகுகளும் அதோடு குறைந்துவிடும். என் மனைவி கேட்டது நியாயமான கேள்வி: "மழையப் பாக்கவா அவ்வளவு தூரம் போகணும்? ஐப்பசியில இங்கேயே பெய்யுதேங்க."

உங்களில் பலருக்கும் இப்படி ஒரு அழைப்பு வந்திருக்கும். பிள்ளையோ பெண்ணோ ஐரோப்பாவில் இருப்பார்கள். ஊர் பெயர் வேறாக இருக்கும், அவ்வளவுதான். போகலாமா, வேண்டாமா என்று முடிவெடுக்க நான் வழிகாட்டிப் புத்தகங்களை நம்புவதில்லை. அவற்றில் எல்லா ஊரும் அழகு, எல்லா மாதமும் உகந்த மாதம். கதை எழுதுகிறவர்கள் பரவாயில்லை, ஒரு ஊரைத் திட்டவும் செய்வார்கள். அதிர்ஷ்டவசமாக ப்ரூஜைப் பற்றி ஒரு நாவலும் ஒரு சினிமாவும் இருக்கின்றன. நாவல் 1892-ல் வந்தது, சினிமா 2008-ல். இரண்டையும் ஒரே வாரத்தில் முடித்தேன்.

முதலில் நாவல். ஜார்ஜ் ரோடன்பாக் பிரெஞ்சில் எழுதிய 'ப்ரூஜ்-லா-மோர்த்'. செத்துப்போன ப்ரூஜ் என்று அர்த்தம். ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. சின்னப் புத்தகம், ஒரு மழை நாளில் படித்து முடித்துவிடலாம். யூக் வியான் என்ற பணக்கார ஆசாமிக்கு மனைவி இறந்துவிடுகிறாள். துக்கத்துக்குப் பொருத்தமான ஊராக ப்ரூஜைத் தேர்ந்தெடுத்து அங்கே குடிபோகிறான். செத்த மனைவிக்குச் செத்த ஊர் என்பது அவன் கணக்கு. அவளுடைய மஞ்சள் கூந்தலை ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறான். சாயங்காலமானால் கால்வாய் ஓரமாக நடக்கிறான். ஒருநாள் தெருவில் மனைவியை அப்படியே உரித்துவைத்தது போல ஒரு பெண் போகிறாள். ஜேன் ஸ்காட், நாடகக் கொட்டகையில் ஆடுகிறவள். பின்னால் போகிறான். வீடு பார்த்துக் குடிவைக்கிறான். மனைவியின் பழைய உடைகளை அவளுக்குப் போட்டுப் பார்க்கிறான்.

ஹிட்ச்காக்கின் 'வெர்ட்டிகோ' (1958) ஞாபகம் வருகிறதா? உங்களுக்கு மட்டும் இல்லை. விமர்சகர்கள் பலருக்கும் வந்திருக்கிறது. கார்ன்கோல்ட் இந்த நாவலை வைத்து 'டீ டோட்டே ஸ்டாட்' என்று ஒரு ஆப்பரா போட்டார். 1920 டிசம்பர் 4-ம் தேதி ஹாம்பர்க், கொலோன் இரண்டு நகரங்களிலும் ஒரே நாளில் அரங்கேற்றம். அப்போது அவருக்கு வயது 23. சிலர் எல்லாவற்றையும் சீக்கிரமே செய்து முடித்துவிடுகிறார்கள்.

நாவலின் முன்னுரையில் ரோடன்பாக் சொல்லிவிடுகிறார்: இதில் ஊர்தான் முக்கியப் பாத்திரம், மனிதர்களுக்கு யோசனை சொல்வதும் தடுப்பதும் தூண்டுவதும் அதுதான் என்று. அதற்காகவே ப்ரூஜின் புகைப்படங்களையும் நாவலுக்குள் சேர்த்தார். கதைப் புத்தகத்தில் புகைப்படம் என்பது அந்தக் காலத்தில் புதுசு. கால்வாய், பாலம், கோபுரம், மூடிய ஜன்னல்கள். பெரும்பாலான படங்களில் ஆள் நடமாட்டமே இல்லை. பிற்காலப் பதிப்புகள் பலவற்றில் இந்தப் படங்களைத் தூக்கிவிட்டார்கள். உங்களுக்குப் படங்களோடு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

முதல் பாதி எனக்கு மிகவும் பிடித்தது. சாம்பல் நிறத்தில் இத்தனை வகை உண்டு என்று தெரியவைக்கிறார். வீடுகளின் ஜன்னலில் சின்னக் கண்ணாடி பொருத்திவைத்து, உள்ளே உட்கார்ந்தபடியே தெருவில் போகிறவர்களை வேவு பார்க்கும் பெண்களைப் பற்றி எழுதியிருக்கும் இடம் பிரமாதம். யூக் ஒரு நாட்டியக்காரியின் பின்னால் சுற்றுகிறான் என்பது அந்தக் கண்ணாடிகள் வழியாகவே ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. சிற்றூரின் வம்பு எப்படிப் பயணம் செய்யும் என்பதை இவ்வளவு சிக்கனமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

இரண்டாவது பாதியில் எனக்குச் சண்டை. மணி அடித்தால் மரணம், மழை பெய்தால் மரணம், தண்ணீர் நின்றால் மரணம். சரி ஐயா, புரிகிறது என்று சொல்லத் தோன்றுகிறது. அதைவிடப் பெரிய குறை ஜேன். அவள் சிரிக்கிறாள், காசு கேட்கிறாள், வேறு ஆண்களோடு பேசுகிறாள். அதாவது உயிரோடு இருக்கிறாள். அதுதான் அவள் செய்யும் குற்றம் என்று நாவல் நினைக்கிறது. கடைசியில் அவள் அந்தக் கூந்தலை எடுத்து விளையாட்டாகக் கழுத்தில் சுற்றிக்கொள்ள, யூக் அதாலேயே அவளை நெரித்துக் கொன்றுவிடுகிறான். (முடிவைச் சொல்லிவிட்டேன். 1892 நாவலுக்கு இனி என்ன ரகசியம்?) ரோடன்பாக்கின் இரக்கம் பூராவும் கொன்றவன் பக்கம்.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். இந்த நாவலை எல்லோரும் இலையுதிர்கால நாவல் என்று சொல்கிறார்கள், நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் படித்தேன். ஆனால் கொலை நடப்பது 'திரு இரத்த ஊர்வலம்' போகும் நாளில். அது மே மாதத் திருவிழா. வசந்தம். தெருவெல்லாம் ஜனம், ஜன்னலெல்லாம் அலங்காரம், குழந்தைகள், பாட்டு. வேலைக்காரி பார்ப் ஊர்வலத்துக்காக வீட்டையே அலங்கரித்து வைக்கிறாள். ஊர் உற்சாகமாக இருக்கிறது, யூக் மட்டும்தான் செத்திருக்கிறான். தன் நாவல் தன் தலைப்பையே மறுத்துப் பேசுவதை ரோடன்பாக் கவனித்தாரா தெரியவில்லை.

அவர் ப்ரூஜ்காரர் இல்லை. பிறந்தது டூர்னே, வளர்ந்தது கென்ட். நாவல் எழுதும்போது வசித்தது பாரிஸில். தள்ளி இருந்து எழுதும்போது ஊர் அழகாகச் செத்துப்போகிறது. உள்ளே இருந்தவர்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க வறுமை. முன்பு கடலிலிருந்து ஸ்வின் என்ற நீர்வழி மூலம் கப்பல்கள் வந்தன, உலக வியாபாரம் நடந்தது. பதினைந்தாம் நூற்றாண்டு முடிவதற்குள் அது மணல் மூடித் தூர்ந்துவிட, வியாபாரிகள் ஆன்ட்வெர்ப்புக்கு மூட்டை கட்டிவிட்டார்கள். அதன் பிறகு ஏழையாகவே இருந்த ஊர், மீண்டும் ஒரு துறைமுகம் வேண்டும் என்று கேட்டது. ரோடன்பாக் அதை விரும்பவில்லை. துறைமுகம் வந்தால் ஊரின் மௌனம் போய்விடும் என்று 1897-ல் இன்னொரு நாவலிலும் புலம்பினார். பசித்தவனிடம் நீ மெலிந்திருந்தால்தான் அழகு என்று சொல்வது போல இருக்கிறது எனக்கு. 1898-ல் 43 வயதில் இறந்துபோனார். அவருக்கு நினைவுச் சின்னம் வைக்க இடம் கேட்டபோது ப்ரூஜ் மறுத்துவிட்டது. அது 1903-ல் கென்ட்டில் வைக்கப்பட்டது, இன்னும் அங்கேதான் இருக்கிறது. தன்னைச் செத்தவள் என்று சொன்னவனுக்கு எந்த ஊர் சிலை வைக்கும்?

சினிமாவுக்கு வருகிறேன். மார்ட்டின் மெக்டோனாவின் 'இன் ப்ரூஜ்'. லண்டனில் ஒரு கொலை தப்பாகிப் போய், ஒரு சின்னப் பையனும் செத்துவிடுகிறான். கொன்ற இரண்டு ஐரிஷ் அடியாட்களையும் முதலாளி ப்ரூஜில் போய்ப் பதுங்கச் சொல்கிறான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்கள், குளிர். மூத்தவன் கென் (பிரெண்டன் க்ளீசன்) புத்தகமும் கையுமாகக் கால்வாய், தேவாலயம், ஓவியம் என்று ரசிக்கிறான். சின்னவன் ரே (காலின் ஃபாரல்) படம் முழுக்க ஊரைத் திட்டுகிறான். காது கூசும் வசனங்கள், குழந்தைகளோடு பார்க்காதீர்கள். ஆனால் நாவலில் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கிறது: சிரிப்பு. மணிக்கூண்டு டிக்கெட் ஐந்து யூரோ. கென் கையில் சில்லறை பத்து சென்ட் குறைகிறது. விடமாட்டேன் என்கிறான் டிக்கெட்காரன். இதுதான் உயிருள்ள ஊர். செத்த ஊர் பத்து சென்ட்டுக்குத் தகராறு செய்யாது.

முதலாளி ஹாரி (ரேஃப் ஃபைன்ஸ்) சின்ன வயதில் ப்ரூஜ் வந்தவன். அது ஒரு தேவதைக் கதை ஊர் என்று அவன் நினைப்பு. ரேயைக் கொல்ல ஏற்பாடு செய்துவிட்டு, சாவதற்கு முன் பையன் ஒரு நல்ல ஊரைப் பார்க்கட்டும் என்றுதான் அனுப்பியிருக்கிறான். ரேக்கு அது பிடிக்கவில்லை என்பதை அவனால் தாங்கவே முடியவில்லை. நம் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர் சிபாரிசு செய்த ஊர் நமக்குப் பிடித்தே ஆகவேண்டும். படத்தில் மிக நல்ல காட்சி ஓவியக் கூடத்தில் வருகிறது. ஹியரோனிமஸ் பாஷின் 'கடைசித் தீர்ப்பு' ஓவியத்தின் முன்னால் நின்று, நரகம் சொர்க்கம் பற்றி இருவரும் பேசுகிறார்கள். அதுவரை அலட்சியமாக இருந்த ரேயின் முகம் மாறும். பையனைக் கொன்ற குற்ற உணர்ச்சி அவனை எங்கே போனாலும் விடாது, ஊர் மேல் அவனுக்கு இருக்கும் கோபமே அதுதான் என்று நமக்குப் புரிகிறது. துக்கத்தில் இருப்பவன் ஊரைப் பார்க்கவில்லை என்பதை ரோடன்பாக் அறியாமல் எழுதினார், மெக்டோனா தெரிந்தே எடுத்திருக்கிறார். கடைசி இருபது நிமிடத் துப்பாக்கிச் சண்டை எனக்குக் கொஞ்சம் அதிகம். ஃபாரலுக்கு இதற்காக கோல்டன் குளோப் கிடைத்தது, தகும்.

இனி ஊர். ப்ரூஜில் தேவாலயத்தை ஒட்டி போனிஃபாசியுஸ் பாலம் என்று ஒரு குட்டிக் கல் பாலம். எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் பாலம். பார்த்தால் பதிமூன்றாம் நூற்றாண்டு என்பீர்கள். கட்டியது 1910-ஐ ஒட்டி. சந்தைச் சதுக்கத்தில் கூர்கோபுரங்களோடு நிற்கும் மாகாண மாளிகையின் வேலை 1887-ல்தான் ஆரம்பித்தது. ரோடன்பாக் எழுதிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், ஊர் தன் பழைய பாணியிலேயே புதுக் கட்டடங்கள் கட்டிக்கொண்டிருந்தது. ஜேனுக்கு யூக் செத்த மனைவியின் உடையைப் போட்டுவிட்டான், ப்ரூஜ் தானாகவே போட்டுக்கொண்டது. நாவலைப் படித்தவர்களும் படிக்காதவர்களும் அந்த உடையைப் பார்க்கத்தான் வந்தார்கள், வருகிறார்கள். கொரோனாவுக்கு முந்தைய வருஷங்களில் ஆண்டுக்குச் சுமார் 80 லட்சம் பேர். பழைய நகரத்துக்குள் வசிப்பவர்கள் ஏறக்குறைய 20,000 பேர்தான். பெரும்பாலோர் காலையில் வந்து சாக்லேட் வாங்கி, சாயங்காலம் போய்விடுகிறவர்கள். யூக் வசிப்பதாக ரோடன்பாக் எழுதிய ஜெபமாலைத் துறைதான் இன்று ஊரிலேயே அதிகம் படம் எடுக்கப்படும் மூலை. தனிமையைத் தேடி அவன் வந்த இடத்தில் க்யூ நிற்கிறது.

அந்தத் துறைமுகம் 1907-ல் ஸீப்ரூகவில் திறக்கப்பட்டது. இன்று சொகுசுக் கப்பல்கள் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுவந்து இறக்குவது அங்கேதான். 2019-ல் நகராட்சி, ஒரே நேரத்தில் இரண்டு கப்பலுக்கு மேல் வேண்டாம், ஒரு நாள் சுற்றுலாவுக்கு இனி விளம்பரம் இல்லை என்று முடிவெடுத்தது. ரோடன்பாக்கின் பயம் முழுக்க அபத்தம் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் மருந்து அவர் சொன்னதல்ல. அந்த ஊர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, வருகிறவர்கள் ராத்திரி தங்கினால் போதும். 2016-ல் அங்கே ஒரு மதுவடிப்பாலை, நகரத்துத் தெருக்களுக்கு லாரி வேண்டாம் என்று மூன்று கிலோமீட்டருக்கு மேல் பூமிக்கடியில் குழாய் போட்டு, பீரை ஊருக்கு வெளியே பாட்டிலிடும் இடத்துக்கு அனுப்ப ஆரம்பித்தது. கால்வாய்க்கு மேலே துக்கம், கீழே பீர். இதையும் யாராவது நாவல் எழுதலாம்.

ஆகவே மகனிடம் சொன்னேன்: "நவம்பர்லயே வர்றோம். ஆனா காலைல போய் ராத்திரி திரும்பற கதை வேண்டாம். மூணு ராத்திரி தங்கணும், அதுவும் வார நாள்ல." கடைசி ரயிலில் கூட்டம் போனபிறகு, ஐந்து மணிக்கே இருட்டிவிட்ட தெருவில், கடையை மூடிவிட்டு வீட்டுக்கு சைக்கிளில் போகிறவர்களைப் பார்க்கவேண்டும். யூக் கண்ணுக்குத் தெரியாதவர்கள் அவர்கள்தான்.

"நாவல்ல அந்தப் பொண்ணைக் கொன்னுடறானா?" என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப நான் அந்தத் துறைப் பக்கம் வரலை." சரி என்றேன். மணிக்கூண்டில் 366 படி. அவள் முழங்காலுக்கும் என் மூச்சுக்கும் அது ஆகாது. மேலே 47 மணிகள் இருக்கின்றன. கீழே சதுக்கத்தில் குடை பிடித்து நின்று கேட்பதற்குப் பத்து சென்ட்கூட ஆகாது.