கிணற்றடியில் ஓர் இளைஞன்

உபமன்யு சாட்டர்ஜி 1988-இல் ஆங்கிலத்தில் படைத்த 'இங்கிலீஷ், ஆகஸ்ட்' புதினத்தின் நாயகன் அகஸ்தியா சென். வங்காளத் தந்தைக்கும் கோவாத் தாய்க்கும் பிறந்தவன். ஆட்சிப் பணிப் பயிற்சிக்காக மத்னா என்னும் கற்பனை மாவட்டத்திற்கு வருகிறான். முட்டுக் கொடுத்து நிறுத்திய காந்தி சிலையும் பயனற்ற கூட்டங்களுமே அங்கு அவன் காணும் தேசம். தன்னைப் பற்றிக் கேட்போரிடமெல்லாம் வெவ்வேறு பொய் சொல்கிறான்; தான் யாரென்பது அவனுக்கே விளங்கவில்லை.

பழங்குடியினர் சிற்றூர் ஒன்றில், வற்றிய கிணற்றுக்குள் சிறுவர்களைக் கயிற்றில் இறக்கிச் சேற்றுநீர் அள்ளுவதைக் காண்கிறான். தண்ணீர் லாரிக்கு ஏற்பாடு செய்கிறான். அவ்வேளையில் 'நான் யார்?' என்னும் வினா அவனை வாட்டவில்லை. நல்ல சமாரியர் உவமை நமக்குக் கற்பிப்பதும் இதுவே: அயலானைக் கண்டடைபவன் தன்னையும் கண்டடைகிறான்.

ஆசிரியரோ அக்கிணற்றடியில் நெடுநேரம் நிற்கவில்லை. நாயகனும் இறுதியில் மத்னாவை விட்டு ரயிலேறிவிடுகிறான். போலி நம்பிக்கை தராதது நூலின் நேர்மை. கண்ட ஒளியைப் பின்தொடராதது அதன் குறை.

பட்டம் பெற்றும் மனம் கசந்து நிற்கும் இளைஞர் நம் பங்குகளிலும் உளர். அவர்களுக்கு நாம் அறிவுரைகளை வாரி வழங்குகிறோம். கிணற்றடிக்கு அழைத்துச் செல்கிறோமா?