ஆர்எக்ஸ் 580-ஆ, ஜிடிஎக்ஸ் 1060-ஆ: ஒரு பழைய தீர்ப்புக்குத் திருத்தம்

2024 கோடையில் அக்கா பையனுக்கு ஒரு யோசனை சொன்னேன். "பழைய கிராபிக்ஸ் கார்டுதான்னா ஆர்எக்ஸ் 580 எட்டு ஜிபி எடுத்துக்கோடா. 1060-ஐ விட மெமரி ஜாஸ்தி, விலையும் கம்மி." சேலையூரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்துச் சேர்த்த பணம் அது. வாங்கி மாட்டி ரெண்டாம் நாள் போன் வந்தது.

"மாமா, கேம் எல்லாம் சூப்பரா ஓடுது. ஆனா பிளெண்டர்ல கார்டே காட்டமாட்டேங்குது."

அவன் கார்டு வாங்கினதே பிளெண்டருக்குத்தான். அனிமேஷன் கத்துக்கிறான். எதுக்குடா வாங்குறேன்னு நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த 1060 ஆறு ஜிபி கார்டோடு மனசுக்குள் ஒப்பிட்டுப் பார்த்து, ஃப்ரேம் கணக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அந்தத் தீர்ப்பில் எது சரி, எது தப்பு என்று இப்போது எழுதி வைக்கிறேன். இந்த ரெண்டு கார்டும் இன்னும் கைமாறிக்கொண்டேதான் இருக்கின்றன.

முதலில் வேகம். ஜிடிஎக்ஸ் 1060 வந்தது 2016 ஜூலை. ஆர்எக்ஸ் 580 2017 ஏப்ரல். 1060-இல் 1280 கோர், 6 ஜிபி மெமரி, 192 பிட் பாதை, 120 வாட். 580-இல் 2304 கோர், 8 ஜிபி, 256 பிட், 185 வாட். மெமரி வேகம் நொடிக்கு 192 ஜிபி, 256 ஜிபி. கணக்குத் திறன் ஏறத்தாழ 4.4 டெராஃப்ளாப்ஸ், 6.2 டெராஃப்ளாப்ஸ். பேப்பரில் 580 நாற்பது சதவீதம் பெரிய கார்டு.

ஆட்டத்தில் அப்படி இல்லை. ரெண்டு கம்பெனியின் கோரும் ஒன்றல்ல. எண்ணிக்கையை வைத்து ஒப்பிட்டால் ஆட்டோவின் மூணு சக்கரத்தையும் பஸ்ஸின் ஆறு சக்கரத்தையும் எண்ணி வேகம் சொல்வது மாதிரி ஆகிவிடும். என்விடியா சிப் அதிக கடிகார வேகத்தில் ஓடியது, டைரக்ட்எக்ஸ் 11-க்கு அதன் டிரைவர் ப்ராசசரை அவ்வளவாகச் சிரமப்படுத்தவில்லை. அதனால் பழைய கேம்களில் 1060 சமமாகவோ ஒரு படி முன்னாலோ நின்றது. டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் என்று கேம்கள் மாறியதும் 580 கொஞ்சம் முந்தியது. டெக்ஸ்சரை ஏற்றி வைத்தால் அந்தக் கூடுதல் 2 ஜிபி நிஜமாகவே உதவும். மற்றபடி 1080பி மானிட்டரில் ரெண்டுக்கும் உள்ள தூரம், செட்டிங்கில் ஒரு படி குறைத்தால் மறைந்துவிடுகிற தூரம். இந்தச் சின்ன வித்தியாசத்தைத்தான் எல்லா ஒப்பீடும் பக்கம் பக்கமாகப் பேசுகிறது. நானும் அதையே பேசினேன்.

அடுத்தது கரண்ட். 580 எடுத்தா ஈ.பி. பில் எகிறிடும் என்று சொல்வார்கள். போட்டுப் பாருங்கள்: வித்தியாசம் 65 வாட், ஒரு பழைய சீலிங் ஃபேன் இழுக்கிற அளவு. தினம் 4 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினாலும் 60 நாளில் 15.6 யூனிட். நம்ம ஊர் ரெண்டு மாச பில்லில் அது பெரிய தொகை இல்லை. ஏற்கெனவே 490 யூனிட்டில் நிற்கிற வீடாக இருந்தால் மட்டும் கவனிக்க வேண்டும்; 500-ஐத் தாண்டினால் கீழ் அடுக்கின் விலையும் சேர்ந்து ஏறும்.

நிஜமான தொல்லை எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கிறது. 1060-க்கு 400 வாட் சப்ளை போதும் என்றார்கள், 580-க்கு 500 வாட் கேட்டார்கள். கேபினெட்டோடு சும்மா வருகிற எஸ்எம்பிஎஸ்ஸில் ஒட்டியிருக்கிற எண்ணை நம்பி 580 மாட்டாதீர்கள். யூபிஎஸ்ஸும் அப்படித்தான். வீடுகளில் பரவலாக இருக்கிற 600 விஏ யூபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட். கேம் நடுவில் கரண்ட் போனால் 580 உள்ள மெஷினோடு அது மூச்சுத் திணறும். கத்திரி வெயிலில் தாம்பரம் பக்கம் ஏசி இல்லாத அறையில் அந்த 65 வாட் சூடும் உங்களோடுதான் உட்கார்ந்திருக்கும்.

மூணாவது, பெயர். இங்கேதான் பணம் போகிறது. வேளச்சேரி போய், பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தாலும் சரி, பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் குனிந்து பொறுக்கினாலும் சரி, "580 சார்" என்று கையில் கொடுப்பது 580-ஆகவே இருக்கும் என்று இல்லை. 2018-இல் சீனச் சந்தைக்கு என்று ஏஎம்டி விட்ட 580 2048எஸ்பி என்ற கார்டில் கோர் 2048தான். உள்ளே அது 570. பெட்டியில் பெரிதாக 580, ஓரத்தில் சின்னதாக மற்றது. என்விடியா மட்டும் யோக்கியமா? 1060 மூணு ஜிபி என்று விற்றதில் மெமரி மட்டும் குறையவில்லை, கோரும் 1152-ஆகக் குறைந்தது. பெயர் அதே பெயர். இது போக, பழங்காலச் சிப்பில் பயாஸை மாற்றி எழுதி 1060 என்று காட்டும் போலிகளும் உண்டு.

அதனால் காசு கொடுக்கும் முன் கடையிலேயே ஜிபியு-இஸட் திறந்து ஷேடர் எண்ணிக்கையைப் பாருங்கள். 2304, இல்லையென்றால் 1280. வேறு எண் வந்தால் வேறு விலை பேசுங்கள். அப்புறம் பதினைந்து நிமிஷம் முழு லோடில் ஓடவிட்டு ஃபேன் சத்தம், சூடு, திரையில் புள்ளிகள் வருகிறதா என்று பாருங்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்றதும் சந்தைக்கு வந்து குவிந்த கார்டுகளில் இந்த ரெண்டும் ஏராளம். மைனிங் பண்ணிய கார்டு என்பதாலேயே அது குப்பை இல்லை. ஆனால் மெமரி பயாஸ் மாற்றப்பட்டிருக்கலாம், ஃபேன் தேய்ந்திருக்கலாம். சோதிக்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

இதெல்லாம் சரியாகப் பார்த்துத்தான் பையனுக்கு வாங்கிக் கொடுத்தேன். அவனுடையது அசல் 2304. நான் கோட்டை விட்டது நாலாவது விஷயத்தில்: அந்தக் கார்டுக்கு இன்னும் யார் சாஃப்ட்வேர் எழுதுகிறார்கள்?

2021 டிசம்பரில் வந்த பிளெண்டர் 3.0, சைக்கிள்ஸ் ரெண்டரிலிருந்து ஓப்பன்சிஎல்லை எடுத்துவிட்டது. ஏஎம்டிக்கு அதற்குப் பதிலாக வந்த ஹிப் வழி புது கார்டுகளுக்கு மட்டும். 580 வெளியே நின்றுவிட்டது. ஈவீ ஓடும், சைக்கிள்ஸ் ப்ராசசரில் மட்டும் ஊர்ந்து போகும். பழைய 2.93-க்குப் போகலாம், ஆனால் அவன் பார்த்துப் படிக்கிற பாடம் எல்லாம் நாலாம் வரிசை பதிப்பில். 1060 குடா வழியாக எந்தக் கேள்வியும் இல்லாமல் வேலை செய்தது. எட்டு ஜிபி, 6.2 டெராஃப்ளாப்ஸ், எல்லாம் இருந்தும் அவன் வேலைக்கு அந்தக் கார்டு சைபர்.

பணம் என் யோசனையால் போனது என்பதால் நானே சரிக்கட்டினேன். என் 1060-ஐக் கழற்றி அவனுக்குக் கொடுத்துவிட்டு 580-ஐ எடுத்து வந்தேன். என் மெஷினில் லினக்ஸ். இங்கே கதை தலைகீழ். 580-க்கு வேண்டிய டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது, மெசாவும் கூடவே வருகிறது. விண்டோஸில் 2023-லேயே ஏஎம்டி இந்தக் கார்டுகளைத் தனிக் கிளையாக ஒதுக்கிவிட்டது. லினக்ஸில் அந்த ஒதுக்கல் தெரியவே இல்லை. 1060 வைத்திருந்தபோது கர்னல் மாறும் ஒவ்வொரு தடவையும் டிரைவர் என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டு ரீபூட் பண்ணியவன் நான்.

அவனிடம் போன கார்டுக்கும் வயசாகிவிட்டது. என்விடியா 2025 அக்டோபரோடு இந்தத் தலைமுறைக்குப் புது கேம் டிரைவரை நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை. குடா 13-இலும் இந்தச் சிப் இல்லை. பிளெண்டர் என்றைக்காவது அந்தப் பக்கம் போனால் 1060-உம் வெளியேதான்.

ஆக, திருத்திய தீர்ப்பு இது. விண்டோஸில் வெறும் கேம் என்றால், நல்ல எஸ்எம்பிஎஸ் இருந்து, அசல் 2304 விலை குறைவாகக் கிடைத்தால் 580. லினக்ஸ் என்றால் யோசிக்காமல் 580. பிளெண்டர், குடா கேட்கிற எதுவானாலும் 1060 ஆறு ஜிபி. அதுவும் ரெண்டு வருஷத்துக்கு ஓட்டிவிட்டு மாற்றுகிறேன் என்கிற விலைக்கு மட்டும். மூணு ஜிபியை எந்த விலைக்கும் வேண்டாம்.

பையன் போன வாரம் ஒரு நிமிஷ அனிமேஷன் ஒன்று அனுப்பினான். தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரம், மழை, ஒரு நாய். ராத்திரி முழுக்க ரெண்டர் ஓடியதாம். "கார்டு சூடாச்சாடா?" என்று கேட்டேன். "மொதல்ல படம் எப்படி இருக்குன்னு சொல்லுங்க மாமா" என்றான்.