உள்ளங்கைக்குத் தெரியும் மேடுபள்ளம்

மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப்பின் வண்டி வரிசையானாலும், 1964-இல் டெல்லியில் தொடங்கிய ஸ்டேட்ஸ்மன் பழைய கார்ப் பேரணியானாலும், வருகிறவர்களின் கண் பளபளப்பில்தான் நிற்கும். என் மனம் அதற்கு முந்தைய மாதங்களில், டிங்கரிங் பட்டறையில் நிற்கும். அந்த வேலையின் அருமை தெரிய தூத்துக்குடிக்கு வர வேண்டும். முள்ளக்காட்டு உப்பளத்தைத் தாண்டி வரும் காற்று எந்தத் தகரத்தையும் விட்டுவைக்காது. அம்பாசடரின் கதவடியில், மிதியடிக்குக் கீழே, மட்கார்டின் உள்மடிப்பில், ஈரம் தங்கும் இடமெல்லாம் துரு உள்ளிருந்தே அரிக்கும்.

டிங்கர் முதலில் விரல் மடக்கித் தட்டிப் பார்க்கிறார். நல்ல தகரம் கணீரென்கிறது. முன்பு யாரோ பட்டி பூசி மறைத்த இடம் மந்தமாகப் பதில் சொல்கிறது. துருவை வெட்டி, புதுத் தகடு பற்றவைத்து, உட்புறம் ஓர் இரும்புக் கட்டையைத் தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வெளியே சிறு சுத்தியலால் தட்டத் தொடங்குகிறார். டக், டக், டக். ஓங்கி அடித்தால் தகரம் விரிந்துவிடும். அதனால் அவசரமே கிடையாது. நடுநடுவே கண்ணை மூடி உள்ளங்கையால் தடவுகிறார், காய்ச்சல் பார்ப்பது போல. கண்ணுக்குத் தப்பிய மேடு கைக்கு அகப்படுகிறது. பெயிண்ட் ஏறியபின் இந்த உழைப்பின் தடம்கூட இருக்காது. அதனால், பழைய கார்களின் சந்திப்புகளுக்குத் திட்டமிடுகிறவர்கள் வண்டியருகே வைக்கும் பலகையில், உரிமையாளர் பெயருக்குக் கீழே டிங்கரின் பெயரையும் எழுதலாம்.