குரலும் சொல்லும்
நுஸ்ரத் பதேஹ் அலி கானின் கவ்வாலியை முன்வைத்து

2024 செப்டெம்பரில் நுஸ்ரத் பதேஹ் அலி கானின் புதிய இசைத்தொகுப்பொன்று வெளிவந்தது. அவர் மறைந்து 27 ஆண்டுகளுக்குப் பிறகு! 1990இல் இங்கிலாந்தின் ரியல் வேர்ல்ட் கலையகத்தில் பதிவாகி, யாரும் தேடாமல் களஞ்சியத்தில் கிடந்த ஒலிநாடாக்கள் அவை. 'செயின் ஒஃப் லைற்', அதாவது ஒளிச் சங்கிலி, என்று அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். நான்கே நான்கு கவ்வாலிகள். அவற்றுள் ஒன்று 'யா கௌஸ் யா மீரான்'.

எனக்கு உருது தெரியாது. ஆனால் அந்த விளி காதில் விழுந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மீரான் என்பது எமக்கு அந்நியமான பெயரா? எனது மூத்தவாப்பாவின் பெயரில் பாதி அது. ரபீஉல் ஆகிர் பிறந்தால் முஹியித்தீன் மௌலித் ஓதப்பட்ட வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். அந்த அப்துல் காதிர் ஜீலானி ஆண்டகையைத்தான் பைசலாபாத்தில் பிறந்த இந்தப் பாடகரும் அழைத்துக்கொண்டிருக்கிறார். முப்பது ஆண்டுகளாக நான் இவரைக் கேட்டு வருகிறேன். இவர் என்ன சொல்கிறார் என்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். இவ்வளவு காலமும் நான் எதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்ற கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

கவ்வாலி என்ற பெயரே 'கவ்ல்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. கவ்ல் என்றால் சொல், கூற்று. ஆக, இந்தக் கலை தன் பெயரிலேயே சொல்லைச் சுமந்திருக்கிறது. ஹார்மோனியமும் தபேலாவும் கைதட்டலும் அந்தச் சொல்லைச் சபையின் நெஞ்சில் இறக்குவதற்கான கருவிகள். ஒரு வரியைப் பாடகர் எடுப்பார். சபையில் ஒருவர் அதில் உருகினால் அதே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார். இடையில் வேறொரு கவிஞரின் ஈரடியைக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டு, முதல் வரிக்குப் புதிய பொருள் காட்டி மீண்டும் வருவார். 'கிறஹ்' என்று இதனைச் சொல்கிறார்கள். முடிச்சு என்றே பொருள். பாடகர் இங்கே ஒரு வகையில் விமர்சகரும் ஆகிறார். இதை மேடைக் கச்சேரியாக மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த நுட்பம் பிடிபடுவதில்லை.

1948இல் பிறந்த நுஸ்ரத், தலைமுறை தலைமுறையாகக் கவ்வாலி பாடிய குடும்பத்தவர். மகன் வைத்தியராக வேண்டும் என்பதே தகப்பனாரின் விருப்பம். தகப்பனார் 1964இல் காலமானார். 1971இல் சிறிய தகப்பனாரும் மறைய, குழுவின் பொறுப்பு நுஸ்ரத்தின் தோளில் விழுந்தது. 1985 ஜூலையில் இங்கிலாந்தின் மேர்சி தீவில் நடைபெற்ற 'வோமாட்' விழாவில் அவர் பாடினார். மேற்குலகின் வாசல் அங்கேதான் திறந்தது. அந்த விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான பீற்றர் கேப்ரியல் 1989இல் ரியல் வேர்ல்ட் வெளியீட்டகத்தை ஆரம்பித்தார். மார்ட்டின் ஸ்கோர்செஸியின் 1988ஆம் ஆண்டுத் திரைப்படமான 'த லாஸ்ட் டெம்ப்டேஷன் ஒஃப் கிறைஸ்ட்'டுக்கு கேப்ரியல் அமைத்த இசையிலும் நுஸ்ரத்தின் குரல் ஒலித்தது. 1995இல் 'டெட் மேன் வோக்கிங்' படத்தில் அமெரிக்க றொக் பாடகர் எடி வெடருடன் சேர்ந்து பாடினார்.

1990இல் வந்த 'மஸ்த் மஸ்த்' தொகுப்புத்தான் எனது விவாதத்துக்கு மையமானது. கனடாவைச் சேர்ந்த மைக்கல் புறூக் அதனைத் தயாரித்தார். அதில் பல இடங்களில் வரிகளே இல்லை, ஸ்வரங்களும் ஆலாபனையும் மட்டுமே. பின்னாளில் புறூக் ஒன்றை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். நீண்ட பாடலைச் சுருக்குவதற்காக ஒலிநாடாவை வெட்டியபோது சில தொடர்களின் பொருள் அறுந்துபோனதாம். அது கூடாது என்று நுஸ்ரத் தரப்பினர் மறுக்கவே, வெட்டியதில் ஓரிரண்டை மீளச் சேர்க்க நேர்ந்ததாம். அந்த மொழி தெரியாதவரின் காதில் பொருள் அறுந்த சத்தம் விழவில்லை. அவரை நான் குற்றம் சொல்லவில்லை. மறுப்பை மதித்துத் திருத்திய நேர்மை அவரிடம் இருந்தது. நுஸ்ரத்தும் ஏமாற்றப்பட்டவரல்லர். புதிய காதுகளைத் தேடி விரும்பியே அந்தக் கலையகத்துக்குப் போனவர் அவர். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே 1990இல், அதே கலையகத்தில் இருவகைப் பதிவுகளும் நடந்துள்ளன. கிற்றாரும் ஸ்வரமும் கலந்தது உடனே உலகைச் சுற்றியது. சொல் நிறைந்த நான்கு கவ்வாலிகள் 34 ஆண்டுகள் இருட்டில் கிடந்தன. குரலுக்கு உலகம் உடனே நாற்காலி போட்டது. சொல் வாசலில் நின்றது.

சொல் கழன்ற இசையை எங்கும் கொண்டுபோகலாம். 'மஸ்த்' என்றால் இறைகாதலில் தன்னை மறந்த நிலை. சிந்துவின் செஹ்வானில் அடங்கியுள்ள லால் ஷஹ்பாஸ் கலந்தரைப் போற்றும் பாடலின் உயிரான சொல் அது. 1994இல் 'மொஹ்ரா' என்ற ஹிந்திப் படம் அந்த மெட்டை எடுத்து, கலந்தர் இருந்த இடத்தில் ஒரு பெண்ணை, அதுவும் ஒரு 'பொருளாக', நிறுத்தியது. 1996 உலகக் கிண்ணக் கிரிக்கெட்டையொட்டி கொக்கா கோலா விளம்பரத்தில் அதே 'மஸ்த்', மஸிவ் அட்டாக் குழுவின் மறுகலவையாக ஒலித்தது. அந்தக் கிண்ணத்தை வென்றது நமது நாடு. அந்த மகிழ்ச்சியில் நானும் அந்த மெட்டை முணுமுணுத்துத் திரிந்தேன். இறைமயக்கம் குளிர்பானத்தின் தாகமாக மாறியது எனக்கு உறைக்கவேயில்லை.

உறைத்திருக்க வேண்டும். ஏனெனில் மஸ்த் தமிழுக்குப் புதிய சொல்லன்று. குணங்குடி மஸ்தான் சாகிபுவின் (1792-1838) பெயரிலேயே அது இருக்கிறது. முகியித்தீன் சதகம் பாடியவரும் அவரே. நுஸ்ரத்தின் 'மஸ்த்', 'மீரான்' இரண்டும் நமது வீட்டுச் சொற்கள். வெள்ளைக்காரன் சொல்லை விட்டுவிட்டுக் குரலை எடுத்தான் என்று குறைப்படும் நமக்கு, அந்தச் சொல் நமது முற்றத்திலேயே கிடந்தது தெரியவில்லை.

சந்தை சொல்லைக் கழற்றியது என்றால், துப்பாக்கி குரலையே நிறுத்தப் பார்த்தது. 2016 ஜூன் 22ஆம் திகதி, நோன்பு மாதத்தில், கவ்வாலிப் பாடகர் அம்ஜத் சாப்ரி கராச்சியில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2017 பெப்ரவரி 16ஆம் திகதி செஹ்வான் தர்காவில் நடந்த குண்டுவெடிப்பில் 80க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மறுநாள் அதிகாலையில் தர்காவின் மணி வழமைபோல் ஒலித்தது. மார்க்கத்தில் இசைக்குள்ள இடம் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அவற்றைப் பேசியும் எழுதியும் தீர்த்துக்கொள்ளலாம். பாடகனின் பிணத்தின் மேல் நின்று எந்த விவாதமும் நடத்த முடியாது.

சொல் திரும்பி வரும் வழியும் விசித்திரமானது. 2008இல் பாகிஸ்தானில் 'கோக் ஸ்ரூடியோ' தொடங்கியது. அதே குளிர்பானக் கம்பனிதான். 2015இல் அங்கே ஆதிஃப் அஸ்லம் பாடிய 'தாஜ்தாரே ஹரம்', சாப்ரி சகோதரர்களால் புகழ்பெற்ற கவ்வாலி. கோடிக்கணக்கானோர் அதைக் கேட்டார்கள். அந்த நிகழ்ச்சிப் பாடல்களின் வரிகளையும் ஆங்கிலப் பெயர்ப்பையும் தேடிப் படிக்கும் வசதியும் வந்தது. பாட்டு பளபளப்பாகிவிட்டது, சபையின் உருக்கம் குறைந்துவிட்டது என்ற விமர்சனம் எனக்கும் உண்டு. எனினும் பொருளறிந்து கேட்கும் ஓர் இளைய தலைமுறையை அது உருவாக்கியதை மறுக்க முடியாது. 'செயின் ஒஃப் லைற்' தொகுப்பை இன்று உலகம் பொறுமையோடு கேட்பதற்கும் அந்தத் தலைமுறை ஒரு காரணம் என்பது எனது அபிப்பிராயம்.

அந்தத் தொகுப்பில் கிற்றார் இல்லை. மறுகலவை இல்லை. குழுவினரின் கைதட்டலும் தபேலாவும் நுஸ்ரத்தின் நாற்பது வயதுக் குரலும்தான். ஏறத்தாழ 40 நிமிடங்கள். அமீர் குஸ்ரோவின் பாரசீகக் கஸல் ஒன்றும் இருக்கிறது. பொருளை ஒருவரிடம் கேட்டறிந்த பின் மறுபடி கேட்டுப் பாருங்கள். அலங்காரம் என்று நாம் நினைத்த ஸ்வர அடுக்குகள் ஒரு சொல்லின் வாசலில் வந்து நிற்பதையும், அந்தச் சொல்லை உச்சரிக்கத் தயங்கித் திரும்புவதையும் உணரலாம்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 1994இல் கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு போனேன். பக்கீர் பாவா ஒருவர் றபானைத் தட்டித் தமிழில் பாடிக்கொண்டிருந்தார். றபான் உச்சத்துக்கு ஏறும்போதெல்லாம் பதிவுசெய்தேன். அவர் நிறுத்தி, பாட்டின் கதையைச் சொல்லத் தொடங்கும்போதெல்லாம் நாடா வீணாகிறதே என்று கருவியை நிறுத்தினேன்.

அண்மையில் அந்த நாடாவைத் தேடியெடுத்துக் கேட்டேன். குரல் இருக்கிறது. றபான் இருக்கிறது. சொல் பாதிதான் விளங்குகிறது. மீதியைக் கேட்பதற்கு இன்று அந்தப் பாவா இல்லை.